பந்தயம் காணாத கார், பந்தயம் வென்ற இன்ஜின்



பழங்கால வாகனங்களைப் பற்றி நம் தொலைக்காட்சி மன்றத்தில் பேசிக்கொண்டிருந்தபோது, கிள்ளானில் கார் பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணன் கையை உயர்த்தினார். அப்போது திரையில் ஜாகுவார் எக்ஸ்ஜே13 என்ற பந்தயக் காரின் படம் ஓடிக்கொண்டிருந்தது. கரும்பச்சை நிறம், தாழ்வான உடல், நடுவில் பெரிய இன்ஜின். பார்த்தவர்கள் கண்ணை எடுக்கவில்லை.

"தங்கச்சி, இந்தக் கார் ஒரு பந்தயத்தில்கூட ஓடவில்லை என்கிறீர்கள். மொத்தமே ஒரு கார்தான் செய்தார்கள் என்கிறீர்கள். அதையும் கவிழ்த்து நொறுக்கிவிட்டார்கள். அப்புறம் எதற்கு இதைப் பற்றி இவ்வளவு பெரிதாகப் பேசவேண்டும்?" என்று கேட்டார்.

அரங்கில் சிரிப்பு எழுந்தது. நேரம் முடியப் போகிறது என்று தயாரிப்பாளர் கையசைக்கிறார். நான் அவசரமாக, "கார் ஓடாவிட்டாலும் அதன் இன்ஜின்தான் பிறகு ஜாகுவாரின் சாலைக் கார்களுக்குப் போனது" என்று பதில் சொல்லிவிட்டேன். அவர் விடவில்லை. "அது எப்படிம்மா? நான் ஜாகுவார் வி12 இன்ஜினைத் திறந்து வேலை செய்திருக்கிறேன். அதில் பக்கத்துக்கு ஒரு கேம்ஷாஃப்ட், மொத்தம் இரண்டு. நீங்கள் காட்டுகிற காரில் நான்கு என்று இப்போதுதானே சொன்னீர்கள்?" என்றார். அதற்குள் விளம்பர இடைவேளை வந்து என்னைக் காப்பாற்றியது.

அவர் சொன்னதுதான் சரி. என் பதில் பாதி உண்மை. பல நூல்களிலும் இந்தப் பாதி உண்மைதான் முழு உண்மையாக உலவுகிறது. அந்த இன்ஜினின் வரலாற்றை முதலிலிருந்து சொன்னால்தான் அண்ணனின் இரண்டு கேள்விகளுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னதாகும். இந்த வாரம் அதைத்தான் எழுதுகிறேன்.

கூரை மேல் பிறந்த இன்ஜின்

கதை இங்கிலாந்தின் கவன்ட்ரி நகரில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர்க் காலம். 1940 நவம்பரில் ஜெர்மானிய விமானங்கள் அந்த நகரைக் குண்டு வீசி எரித்தன. தொழிற்சாலைகளில் இரவு நேரத் தீக்காவல் கட்டாயமானது. பின்னாளில் ஜாகுவார் என்று பெயர் மாறிய நிறுவனத்தில், முதலாளி வில்லியம் லயன்ஸும் அவருடைய பொறியாளர்களான வில்லியம் ஹெய்ன்ஸ், வால்டர் ஹாசன், கிளாட் பெய்லி ஆகியோரும் ஒன்றாகவே காவல் இருந்தார்கள். குண்டு விழுகிறதா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டே, போர் முடிந்ததும் எப்படிப்பட்ட இன்ஜின் செய்யலாம் என்று திட்டம் போட்டார்கள்.

அந்தப் பேச்சிலிருந்து பிறந்ததுதான் எக்ஸ்கே என்ற ஆறு சிலிண்டர் இன்ஜின். 1948-இல் எக்ஸ்கே120 காரில் அது உலகத்துக்கு அறிமுகமானது. பிரான்ஸ் நாட்டில் நடக்கும் லெ மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் 1951, 1953, 1955, 1956, 1957 என்று ஐந்து முறை ஜாகுவாரை வெற்றி பெற வைத்தது அந்த இன்ஜின்தான்.

நம் வட்டாரத்துக்கும் அது புதியதல்ல. 1962-இல் சிங்கப்பூர் தாம்சன் சாலையில் நடந்த கிராண்ட் பிரி பந்தயத்தில் யோங் நாம் கீ வென்றது ஜாகுவார் இ-டைப் காரில்தான். அதன் மூக்குக்குள் இருந்ததும் இதே எக்ஸ்கே குடும்பத்து இன்ஜின்தான்.

ஆனால், ஜாகுவார் நிறுவனம் 1956-ஆம் ஆண்டு இறுதியில் சொந்தப் பந்தயக் குழுவைக் கலைத்துவிட்டது. 1957-இன் வெற்றி தனியார் குழு ஒன்றின் வெற்றி. அதற்குப் பிறகு லெ மான்ஸில் ஃபெராரியின் கை ஓங்கியது. ஜாகுவாரின் பொறியாளர்களுக்குத் தூக்கம் வரவில்லை. மீண்டும் போகவேண்டும், மீண்டும் வெல்லவேண்டும் என்ற எண்ணம் அவர்களை விட்டுப் போகவே இல்லை.

ஆறு போதவில்லை, பன்னிரண்டு வேண்டும்

பழைய இன்ஜினையே இன்னும் கொஞ்சம் முறுக்கினால் என்ன என்று கேட்கலாம். அங்கேதான் சிக்கல். பட்டறை அனுபவம் இல்லாத வாசகர்களுக்காக எளிமையாகச் சொல்கிறேன். நானும் பட்டறையில் வளர்ந்தவள் அல்ல, கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டவள்தான்.

சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. அது பயணம் செய்யும் தூரத்தை ஸ்ட்ரோக் என்பார்கள். சிலிண்டரின் குறுக்களவு போர். 3.8 லிட்டர் எக்ஸ்கே இன்ஜினில் போர் 87 மில்லிமீட்டர், ஸ்ட்ரோக் 106 மில்லிமீட்டர். அதாவது, குறுகலான, ஆழமான சிலிண்டர். பிஸ்டன் ஒவ்வொரு சுற்றிலும் நீண்ட தூரம் ஓடித் திரும்பவேண்டும். இன்ஜினின் சுழற்சி வேகத்தைக் கூட்டினால் பிஸ்டனின் வேகமும் தாங்க முடியாத அளவுக்குக் கூடிவிடும். பந்தய இன்ஜினில் கூடுதல் சக்தி வேண்டுமானால் சுழற்சி கூடவேண்டும். சுழற்சி கூடவேண்டுமானால் ஸ்ட்ரோக் குறையவேண்டும்.

புதிய இன்ஜினுக்கு அவர்கள் வைத்த அளவைப் பாருங்கள். போர் அதே 87 மில்லிமீட்டர். ஸ்ட்ரோக் 70 மில்லிமீட்டர் மட்டுமே. ஆனால் சிலிண்டர்கள் பன்னிரண்டு. கூட்டிப் பெருக்கினால் 4,994 சிசி வருகிறது, கிட்டத்தட்ட 5 லிட்டர். ஆறு சிலிண்டர் வரிசைகள் இரண்டை 60 பாகைக் கோணத்தில் சாய்த்து, ஆங்கில 'வி' எழுத்து வடிவத்தில் ஒரே கிராங்க்ஷாஃப்டில் பூட்டினார்கள். வரிசையான ஆறு சிலிண்டர் இன்ஜின் இயல்பாகவே அதிர்வு குறைந்தது. அப்படிப்பட்ட இரண்டைச் சேர்த்தால் இன்னும் மென்மை கூடும். கிராங்க்ஷாஃப்ட் ஒவ்வொரு 60 பாகை திரும்பும்போதும் ஏதோ ஒரு சிலிண்டர் வெடித்துச் சக்தி கொடுக்கும். இடைவெளியே இல்லாமல் தள்ளிக்கொண்டிருக்கும்.

வெற்றி கண்ட எக்ஸ்கே இன்ஜினின் தலைப்பகுதி அமைப்பையே இதிலும் பின்பற்றினார்கள். அரைக்கோள வடிவ எரிஅறை. காற்று உள்ளே வரும் வால்வுகளுக்கு ஒரு கேம்ஷாஃப்ட், புகை வெளியேறும் வால்வுகளுக்கு ஒரு கேம்ஷாஃப்ட். இரண்டு வரிசைக்கும் சேர்த்து நான்கு கேம்ஷாஃப்டுகள். பிளாக் அலுமினியத்தால் ஆனது. பந்தய வடிவத்தில் கார்புரேட்டருக்குப் பதிலாக லூக்காஸ் நிறுவனத்தின் எரிபொருள் பீச்சும் கருவி பொருத்தப்பட்டது.

1964-இல் முதல் இன்ஜின் சோதனைக் கூடத்தில் உயிர்பெற்றது. படிப்படியாகச் செம்மைப்படுத்திய பிறகு கிடைத்த சக்தி 502 குதிரைத்திறன். அதுவும் நிமிடத்துக்கு 7,600 சுழற்சியில். நொடிக்கு 126 தடவைக்கு மேல் அந்தக் கிராங்க்ஷாஃப்ட் சுழன்றது என்று அர்த்தம்.

நண்பர்களுக்குள் ஒரு வழக்கு

இனிமேல்தான் கிள்ளான் அண்ணனின் கேள்விக்கு விடை வருகிறது.

தீக்காவல் கூட்டத்தில் இருந்த வால்டர் ஹாசன் இடையில் ஜாகுவாரை விட்டு விலகி, கவன்ட்ரி கிளைமாக்ஸ் என்ற நிறுவனத்தில் சேர்ந்திருந்தார். தீயணைப்புப் பம்புகளுக்கு இன்ஜின் செய்த நிறுவனம் அது. அங்கே அவரும் சகாக்களும் உருவாக்கிய பந்தய இன்ஜின்கள் 1959, 1960, 1963, 1965 ஆகிய ஆண்டுகளில் ஃபார்முலா 1 உலக விருதை வென்ற கார்களில் இருந்தன. 1963-இல் ஜாகுவார் அந்த நிறுவனத்தை வாங்கியது. பழைய வீட்டுக்குத் திரும்பியது போல் ஹாசன் மீண்டும் ஜாகுவாருக்கு வந்தார். அவருடைய நெடுநாள் கூட்டாளியான ஹேரி மண்டியும் 1964-இல் வந்து சேர்ந்தார். இடையில் கார் பத்திரிகையில் தொழில்நுட்ப ஆசிரியராக இருந்துகொண்டே லோட்டஸ் காருக்கு இன்ஜின் தலை வடிவமைத்துக் கொடுத்தவர் மண்டி.

இவர்கள் இருவரும் அந்த நான்கு கேம்ஷாஃப்ட் இன்ஜினைப் பார்த்தார்கள். பந்தயத்துக்கு நல்லதுதான். ஆனால், இதே இன்ஜினைச் சாலைக் காருக்கும் போடவேண்டும் என்பது நிறுவனத்தின் எண்ணமாக இருந்தது. பெரிய சலூன் காரான மார்க் டென் ஒன்றில் பொருத்தி ஓட்டியும் பார்த்தார்கள். ஹாசனும் மண்டியும் திருப்தி அடையவில்லை. அகலம் அதிகம், எடை அதிகம், சத்தம் அதிகம், செய்யும் செலவும் அதிகம் என்றார்கள்.

அவர்கள் முன்வைத்த மாற்று வழி மிக எளியது. ஒவ்வொரு வரிசைக்கும் ஒரே கேம்ஷாஃப்ட். தலையின் அடிப்பகுதி தட்டையாக இருக்கும். எரிஅறை தலையில் இல்லாமல், பிஸ்டனின் மேல்பகுதியில் கிண்ணம் போல் குடைந்திருக்கும். ஹெய்ன்ஸ் இதை ஏற்கவில்லை. எக்ஸ்கே இன்ஜினை உருவாக்கி, ஐந்து முறை லெ மான்ஸில் வெற்றி பார்த்தவர் அவர். தலைக்கு இரண்டு கேம்ஷாஃப்ட் என்பது ஜாகுவாரின் அடையாளம் என்பது அவர் கட்சி.

வாய்ச் சண்டையில் முடிவு காணவில்லை. ஒற்றைச் சிலிண்டர் சோதனை இன்ஜின்களைச் செய்து இரண்டு வகைத் தலைகளையும் அளந்து பார்த்தார்கள். உச்ச வேகத்தில் ஹெய்ன்ஸின் தலைதான் மேல். ஆனால், நிமிடத்துக்கு 5,000 சுழற்சி வரை ஹாசன், மண்டியின் தட்டைத் தலை கூடுதல் இழுவை கொடுத்தது. சாலையில் ஓட்டுகிறவர் எந்த நேரமும் 7,600 சுழற்சியிலா ஓட்டப் போகிறார்? வேலைக்குப் போகிறவரும் குடும்பத்தோடு வெளியூர் போகிறவரும் 5,000-க்குக் கீழேதான் காலம் கழிக்கிறார்கள்.

ஆகவே, சாலைக் காருக்குத் தட்டைத் தலை என்று முடிவானது. நான்கு கேம்ஷாஃப்ட் தலை பந்தயக் காரில் மட்டும் இருந்தது. அடிப்பகுதி ஒரே குலம், தலைப்பகுதி வேறு வேறு. தொலைக்காட்சியில் நான் சொன்னது போல் எக்ஸ்ஜே13-இன் இன்ஜின் அப்படியே சாலைக்கு வரவில்லை. இரண்டையும் தந்தை மகன் என்று சொல்வதைவிட, ஒரு வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பி என்று சொல்வதே பொருந்தும்.

தார்ப்பாய்க்கு அடியில் ஒரு வேகப் புலி

அண்ணனுக்குரிய வாகனம் எப்படி இருந்தது?

அதன் உடலை வடிவமைத்தவர் மால்கம் சேயர். போர்க் காலத்தில் விமானத் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் வளைவுகளைக் கணக்குப் போட்டே வரைந்தவர். டி-டைப், இ-டைப் கார்களின் அழகும் அவர் கைவண்ணம்தான். எக்ஸ்ஜே என்ற எழுத்துகள் சோதனை ஜாகுவார் என்பதைக் குறிக்கும்.

ஜாகுவார் வரலாற்றில் முதல் முறையாக இன்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால் வந்தது. அது வெறும் சுமையாகவும் உட்காரவில்லை. உடல் ஓட்டுநருக்குப் பின்னால் முடிந்துவிட, அங்கிருந்து இன்ஜினே முதுகெலும்பாக மாறியது. பின் சக்கரங்களின் பாரத்தை இன்ஜினும் கியர் பெட்டியும் சேர்ந்து சுமந்தன. தனிச் சட்டம் வேண்டியதில்லை என்பதால் எடை குறைந்தது.

1966 மார்ச்சில் கார் தயாரானது. ஆனால் வேலை மெதுவாக நடந்துவிட்டது. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்ளவேண்டும் என்று நம் பெரியவர்கள் சொல்வார்கள். இங்கே காற்று மாறிவிட்டது.

முதலாவதாக, லயன்ஸின் கவனம் முழுவதும் அடுத்த சலூன் காரின் மேல் இருந்தது. 1968-இல் எக்ஸ்ஜே6 என்று வெளிவந்த கார் அது. நிறுவனம் பிழைப்பது சலூன் கார் விற்பனையில்தான் என்பது அவருக்குத் தெரியும். இரண்டாவதாக, 1966 ஜூலையில் ஜாகுவார், பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனோடு இணைவதாக அறிவிப்பு வந்தது. அந்த நேரத்தில் பந்தயச் செலவைப் பற்றிப் பேச யாருக்கும் மனம் இல்லை. மூன்றாவதாக, அதே 1966-இல் அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம் 7 லிட்டர் இன்ஜின் கார்களோடு வந்து லெ மான்ஸில் முதல் மூன்று இடங்களையும் அள்ளிக்கொண்டு போனது. 1967-லும் ஃபோர்டே வென்றது. 502 குதிரைத்திறன் என்பது 1964-இல் கேட்பதற்குப் பெரிய எண். 1967-இல் அது வெற்றிக்கு உத்தரவாதம் இல்லை.

கடைசி அடி விதிமுறை வடிவில் வந்தது. 1968-ஆம் ஆண்டிலிருந்து ஒன்றிரண்டு மட்டுமே செய்யப்படும் சோதனைப் பந்தயக் கார்களுக்கு 3 லிட்டர் வரம்பு என்று உலக மோட்டார் விளையாட்டு அமைப்பு அறிவித்தது. 5 லிட்டர் வரை அனுமதி உண்டு, ஆனால் அப்படிப்பட்ட கார் குறைந்தது 50 செய்திருக்கவேண்டும். எக்ஸ்ஜே13-இன் இன்ஜின் 4,994 சிசி. 5 லிட்டருக்குள் கச்சிதமாக அடங்குகிறது. ஆனால் இருப்பதோ ஒரே ஒரு கார். அத்தோடு கதவு மூடிவிட்டது.

சொல்லாமல் ஓட்டிய ஞாயிறு

கார் தொழிற்சாலையின் ஒரு மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடந்தது. ஓட்டக்கூடாது என்பது லயன்ஸின் கட்டளை. ஜாகுவாரின் தலைமைச் சோதனை ஓட்டுநர் நார்மன் டூயிஸுக்கு இது பொறுக்கவில்லை. எந்தக் காராக இருந்தாலும் அதை முதலில் ஓட்டிக் குறை சொல்லவேண்டியது அவர் தொழில். இதை மட்டும் கண்ணால் பார்த்துக்கொண்டிருப்பதா?

1967 மார்ச் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, யாருக்கும் தெரியாமல் காரை ஏற்றிக்கொண்டு நனீட்டன் நகருக்கு அருகிலுள்ள மிரா என்ற வாகனச் சோதனைத் தளத்துக்குப் போய் ஓட்டிவிட்டார். அவ்வளவு பெரிய இன்ஜினின் முழக்கத்தை மறைக்க முடியுமா? திங்கட்கிழமை லயன்ஸ் அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். வேலை போய்விடும் என்று நினைத்துக்கொண்டுதான் போனதாக டூயிஸ் பின்னாளில் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். ஆனால் கண்டிப்புக்குப் பிறகு லயன்ஸ் கேட்டது, கார் எப்படி ஓடியது என்பதைத்தான்.

அதன் பிறகு முறையான சோதனைகள் நடந்தன. பந்தய வீரர் டேவிட் ஹாப்ஸ் அதே தளத்தில் ஒரு சுற்றைச் சராசரி 161.6 மைல் வேகத்தில் முடித்தார். மணிக்கு 260 கிலோமீட்டர். பிரிட்டனின் மூடிய சுற்றுப் பாதைகளில் அதிகாரப்பூர்வமற்ற அந்தச் சாதனை 30 ஆண்டுகளுக்கும் மேல் முறியடிக்கப்படாமல் நின்றது. பந்தயத்தில் இறங்காத ஒரு கார் வைத்த சாதனை அது. அதைச் செய்துவிட்டு மறுபடியும் தார்ப்பாய்க்கு அடியில் போய்ப் படுத்துவிட்டது.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1971 ஜனவரியில் அதை வெளியே எடுத்தார்கள். ஒற்றைக் கேம்ஷாஃப்ட் தலை கொண்ட தம்பி இன்ஜின் இ-டைப் காரில் அரங்கேறப் போகிறது. அதற்கான விளம்பரப் படத்தில் அண்ணனும் ஓடினால் கம்பீரமாக இருக்கும் என்று நினைத்தார்கள். அதே மிரா தளம், அதே டூயிஸ். மணிக்கு 200 கிலோமீட்டருக்கும் கூடுதலான வேகத்தில் பின் சக்கரம் ஒன்று உடைந்தது. கார் கட்டுப்பாடு இழந்து குட்டிக்கரணம் போட்டது. டூயிஸ் இன்ஜினை அணைத்துவிட்டு, இருக்கையிலிருந்து கீழே சரிந்து ஒடுங்கிக்கொண்டார். கார் நொறுங்கியது. அவர் பெரிய காயமின்றி உயிர் பிழைத்தார். 2019-இல் 98 வயதில் காலமாகும் வரை அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த உடலை வடிவமைத்த சேயர் அதற்கு முந்திய ஆண்டே, 1970-இல் இறந்துவிட்டார். தன் படைப்பு நொறுங்கியதை அவர் பார்க்கவில்லை.

சிதைந்த காரைக் கழித்துக்கட்டாமல் வைத்திருந்தார்கள். முதலில் அதன் உடலுக்குத் தகடு அடித்த நிறுவனமே மீண்டும் உருவம் கொடுத்தது. 1973 ஜூலையில் சில்வர்ஸ்டோன் கிராண்ட் பிரி பந்தயத்தின்போது மக்கள் முன்னிலையில் அது வலம் வந்தது. இன்று அது கேடன் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகத்தோடு தொடர்புடைய ஜாகுவார் மரபுச் சேகரிப்பைச் சேர்ந்தது.

தம்பி நடந்த பாதை

அண்ணன் படுத்துவிட்டான். தம்பி என்ன செய்தான்?

1971 மார்ச்சில் இ-டைப் மூன்றாம் வரிசைக் காரில் தம்பி வெளிவந்தான். ஸ்ட்ரோக் அதே 70 மில்லிமீட்டர், போர் மட்டும் 90 மில்லிமீட்டராக அகன்றது. கொள்ளளவு 5,343 சிசி. நான்கு கார்புரேட்டர்கள், 272 குதிரைத்திறன். 1972 ஜூலையில் எக்ஸ்ஜே12 சலூன் வந்தது. கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் வைத்தால் தளும்பாது என்று சொல்லுமளவுக்கு மென்மையான இன்ஜின் என்று பெயர் எடுத்தது.

ஆனால் தம்பிக்கும் சோதனை காத்திருந்தது. 1973 அக்டோபரில் எண்ணெய் நெருக்கடி வெடித்தது. பெட்ரோலைக் குடிக்கும் பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜினை யார் வாங்குவார்கள்? 1975-இல் கார்புரேட்டருக்குப் பதிலாக மின்னணு எரிபொருள் பீச்சும் முறை வந்தது. அதுவும் போதவில்லை. 1981-இல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் மைக்கல் மே கண்டுபிடித்த புதிய எரிஅறை அமைப்பைப் பொருத்தினார்கள். அழுத்த விகிதம் 12.5 வரை உயர்ந்தது. குறைந்த பெட்ரோலையும் முழுமையாக எரிக்க முடிந்தது. தலைக்குள் இருந்த வடிவம் மாறியது. ஆனால் பக்கத்துக்கு ஒரு கேம்ஷாஃப்ட் என்ற ஹாசன், மண்டியின் அமைப்பு மாறவில்லை. அந்த மாற்றம் வராமல் இருந்திருந்தால் இந்த இன்ஜின் அன்றே மூடுவிழா கண்டிருக்கும்.

அடுத்து நடந்ததுதான் இந்தக் கதையின் வேடிக்கை. சொகுசுக்காகச் செய்யப்பட்ட தம்பி, பந்தயத்துக்குப் போனான். டாம் வாக்கின்ஷா என்ற ஸ்காட்லாந்துக்காரரின் குழு எக்ஸ்ஜே-எஸ் காரோடு 1984-இல் பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்தை வென்றது. அதே ஆண்டு ஐரோப்பிய டூரிங் கார் விருதையும் வாக்கின்ஷா வென்றார். மறு ஆண்டு அந்தக் குழு முழுமையான பந்தயக் காரே செய்தது. எக்ஸ்ஜேஆர்-6 என்ற அந்தக் காரின் முதுகில் இருந்ததும் இதே தம்பி இன்ஜின்தான், அளவில் பெரிதாக்கப்பட்டு.

இங்கே நம் ஊர் கதைக்குள் வருகிறது. 1985 டிசம்பர் 1-ஆம் தேதி, உலகப் பொறுமைப் பந்தயத் தொடரின் கடைசிச் சுற்று நடந்தது ஷா ஆலாமில், பத்து தீகா ஓடுதளத்தில். சிலாங்கூர் 800 கிலோமீட்டர் என்பது அதன் பெயர். போர்ஷே வென்றது. இரண்டாவதாக வந்தது ஜாகுவார் எக்ஸ்ஜேஆர்-6. கவன்ட்ரியில் தீக்காவல் காத்தவர்களின் கனவு, நம் வெயிலிலும் புழுக்கத்திலும் 800 கிலோமீட்டர் ஓடி மேடை ஏறியது. அன்று பத்து தீகா மேட்டில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இந்தப் பத்தியின் வாசகர்களில்கூட இருக்கலாம். அந்த ஓடுதளம் 2003-இல் இடிக்கப்பட்டு இப்போது வீடுகளாகிவிட்டது.

1987-இல் எக்ஸ்ஜேஆர்-8 உலக விருதை வென்றது. 1988 ஜூனில் லெ மான்ஸ். எக்ஸ்ஜேஆர்-9 காரில் யான் லாமர்ஸ், ஜானி டம்ஃப்ரீஸ், ஆன்டி வாலஸ் மூவரும் மாறி மாறி ஓட்டினார்கள். தம்பி இப்போது 7 லிட்டராக வளர்ந்திருந்தான். 94 மில்லிமீட்டர் போர், 84 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், 700-க்கு மேல் குதிரைத்திறன். இறுதி நேரத்தில் கியர் பெட்டி பழுதாக, லாமர்ஸ் நான்காவது கியரிலேயே வைத்து ஓட்டி வெற்றிக் கோட்டைத் தாண்டினார். 394 சுற்றுகள். அதே சுற்றில் போர்ஷே பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. 31 ஆண்டுகளுக்குப் பிறகு ஜாகுவார் மீண்டும் லெ மான்ஸை வென்றது. 1990-இல் இன்னொரு முறையும் வென்றது.

இப்போது கவனியுங்கள். 1988-இல் வென்ற அந்த இன்ஜினின் தலையில் பக்கத்துக்கு ஒரே கேம்ஷாஃப்ட். சிலிண்டருக்கு இரண்டே வால்வு. நான்கு கேம்ஷாஃப்டோடு லெ மான்ஸுக்காகவே செய்யப்பட்ட அண்ணன் ஒரு நாளும் அங்கே போகவில்லை. கடைக்கும் கோயிலுக்கும் அலுங்காமல் போய்வரச் செய்யப்பட்ட தம்பி போய் வென்றுவந்தான்.

லயன்ஸ் 1985-இல் காலமாகிவிட்டார். அந்த வெற்றியைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லை. ஹாசன் பார்த்தார். அப்போது அவருக்கு 83 வயது. 1997 ஏப்ரலில் கடைசி வி12 இன்ஜின் தொழிற்சாலையை விட்டு வெளியேறும் வரை 1 லட்சத்து 60 ஆயிரத்துக்கும் மேற்பட்ட இன்ஜின்கள் செய்யப்பட்டன. நம் கிள்ளான் அண்ணன் திறந்து பார்த்தது அவற்றில் ஒன்று.

அண்ணனுக்கு என் பதில்

அப்படியானால் எக்ஸ்ஜே13-ஐ எதற்குப் பேசவேண்டும் என்ற முதல் கேள்விக்கு வருகிறேன்.

எக்ஸ்ஜே13 தோற்ற கார் அல்ல. தோற்பதற்கும் ஒரு பந்தயம் வேண்டும். அதற்கு அதுவும் கிடைக்கவில்லை. ஆனால் பன்னிரண்டு சிலிண்டர், 60 பாகை, அலுமினிய பிளாக், 70 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்ற அடிப்படையை முதலில் உறுதி செய்து காட்டியது அந்த நான்கு கேம்ஷாஃப்ட் இன்ஜின்தான். எது தேவையில்லை என்று ஹாசனும் மண்டியும் கண்டுகொள்வதற்கும் முன்னால் அது இருக்கவேண்டியிருந்தது. மூத்த பிள்ளையை வளர்த்துக் கற்ற பாடத்தில் இளையவனை வளர்ப்பது நம் வீடுகளிலும் நடப்பதுதானே. மூத்தவனின் பெயர் ஊருக்குத் தெரியாமல் போகலாம். வீட்டுக்குத் தெரியவேண்டும்.

தமிழில் வாகனங்களைப் பற்றி எழுதும்போது எத்தனை குதிரைத்திறன், எத்தனை வேகம், என்ன விலை என்பதோடு நிறுத்திவிடுகிறோம். எந்தத் தலை எந்த அடிப்பகுதியில் உட்கார்ந்தது, யார் எதற்காக வாதாடினார்கள், எந்த விதிமுறை யார் வேலையை வீணாக்கியது என்பதை யாரும் கேட்பதில்லை. கிள்ளான் அண்ணன் கேட்டார். கையில் கிரீஸ் பட்டவருக்குத்தான் அப்படிக் கேட்கத் தோன்றும். மேடையில் நான் அவசரத்தில் சொன்ன தவற்றை இங்கே திருத்திக்கொள்கிறேன். அண்ணனுக்கு என் நன்றி.

உங்கள் வீட்டிலோ பட்டறையிலோ பழைய இன்ஜின் ஒன்று இருந்தால், அதைப் பழைய இரும்புக்குப் போடுவதற்கு முன்னால் அதன் எண்ணை ஒருமுறை துடைத்துப் பாருங்கள். அதற்கும் ஓர் அண்ணனோ தம்பியோ இருக்கக்கூடும். மீண்டும் அடுத்த மன்றத்தில் சந்திப்போம்.